மச்சத்துக்குள் எலும்பு: சீவுவதா, வெட்டியெடுப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் என் பெரியம்மாவுக்குத் தாடையோரத்தில் ஒரு மச்சம். சிறுவயதில் மடியில் உட்கார்ந்து அதைத் தடவுவோம், மெத்தென்று இருக்கும். இந்த ஆண்டு தைப்பூசக் காவடியன்று கன்னத்தைத் தொட்டபோது, உள்ளே நொய்யரிசி சிக்கியதுபோல் ஏதோ கடினமாகத் தட்டுப்பட்டது.

எலும்புதான் அது. 1911இல் பிரெஞ்சு மருத்துவர் நாந்தா விவரித்ததால் அவர் பெயரில் வழங்கும் இந்த மாற்றம், பெரும்பாலும் பெண்களின் முகத்து மச்சங்களில்தான் காணப்படுகிறது. மச்சத்தின் மயிர்க்கால் புண்பட்டு, அதன் அழற்சியால் சுற்றுத் திசு எலும்பாகிறது என்பது பரவலான விளக்கம். அதில் முளைக்கும் முடியைப் பெரியம்மா வருடக்கணக்கில் பிடுங்கி வந்தது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

மச்சத்தை எப்படி அகற்றுவது என்று டர்பனில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லேசரை நான் உடனே மறுத்தேன். மச்சம் பொசுங்கிப்போனால் சோதிக்க ஒரு துண்டுகூட மிஞ்சாது.

சீவி எடுப்பது அப்படியல்ல. மரத்துப்போக ஓர் ஊசி, சில நிமிட வேலை, தையல் கிடையாது. மெத்தென்ற சாதாரண மச்சமென்றால் அதற்கே தலையசைத்திருப்பேன். ஆனால் எலும்பு தோலின் ஆழத்தில் கிடக்கும்; மேலாகச் சீவும் கத்தி அதில் இடறி நிற்கலாம். அடியில் தங்கிய செல்கள் மீண்டும் கறுத்து வளரவும் கூடும். அந்த மறுவளர்ச்சி நுண்ணோக்கியில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் போலவே தோன்றி, பரிசோதிப்பவரையே குழப்பும். அரிதாக மெலனோமாவுக்குள்ளும் எலும்பு உருவாவதுண்டு என்பதால், கடினமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. முழுத் துண்டும் ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும்.

ஆகவே அடியோடு வெட்டித் தைப்பதையே வலியுறுத்தினேன். உள்ளே எலும்பு இருக்கலாம் என்று ஆய்வகத்துக்கு முன்பே எழுதிவிடுவது நல்லது. அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கினால்தான் மெல்லிய சீவல்களாக அறுக்க வரும். முடிவு சில நாள் தாமதமாகலாம், பதற வேண்டாம்.

இந்த வழியில் எனக்கிருந்த உண்மையான பயம் தழும்பு. நம் நிறத்துத் தோலில் தழும்பு தடித்து வளர வாய்ப்பு அதிகம், தாடையோரத்தில் இன்னும் அதிகம். குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்திருந்தால் கத்தி வைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் நாள் தையல் பிரித்தார்கள். எலும்புத் துணுக்குகள் கொண்ட சாதாரண மச்சம் என்று அறிக்கை வந்தது. வாரந்தோறும் விளக்கடியில் பெரியம்மாவின் தாடையைத் தூக்கி, அந்தக் கோடு தடிக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து வருகிறேன்.