பிஎம்எஃப்: ஃபைனலிஸ்ட் ஆனபின் தொடங்கும் வேலை தேடல்

அமெரிக்க மத்திய அரசு நடத்திய பிரசிடென்ஷியல் மேனேஜ்மென்ட் ஃபெலோஸ் திட்டத்தை, சுருக்கமாக பிஎம்எஃப்பை, பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. திட்டமே இன்று இல்லை. 1977-ல் கார்ட்டர் காலத்தில் தொடங்கி, 2003-ல் இந்தப் பெயருக்கு மாறி, 2025 பிப்ரவரி 19 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட ஆணையோடு முடிந்துபோனது. ஆனால் "ஃபைனலிஸ்ட்" என்று அறிவித்துவிட்டு, வேலையை நீயே தேடிக்கொள் என்று விடும் ஃபெலோஷிப்கள் இன்னும் இருக்கின்றன. அதில் மாட்டிக்கொண்டு முழிக்கிற நம் பிள்ளைகள் அடிக்கடி என்னிடம் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்தது பிஎம்எஃப். அதையே சொல்கிறேன்.

நான் 2013 அணி. பொதுச் சுகாதாரத்தில் முதுகலை. அந்த வருஷம் 12,000-க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்து, 663 பேர் ஃபைனலிஸ்ட் ஆனோம். ஆன்லைன் தேர்வு, அப்புறம் நேரில் வரவைத்து நேர்காணல், குழு விவாதம், எழுத்துப் பயிற்சி. தேர்வு முறை மேல் எனக்குப் புகார் இல்லை. குழு விவாதத்தில் அதிகம் பேசியவர்கள்தான் தேறுவார்கள் என்று நினைத்திருந்தேன், அப்படி நடக்கவில்லை.

பாளையங்கோட்டையில் இருக்கும் பெரியப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். "செலக்ட் ஆயாச்சுன்னு சொல்லுத, எங்க ஜாயின் பண்ணணும்னு கேட்டா தெரியலைன்னு சொல்லுத. இது என்னட்டி கூத்து?" என்றார். அவர் பார்த்தது டிஎன்பிஎஸ்சி. அங்கே தேர்ச்சிப் பட்டியல் வந்தால் கவுன்சலிங் நடக்கும், இருக்கிற இடங்களில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். பிஎம்எஃப்பில் கவுன்சலிங்கும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. ஃபைனலிஸ்ட் என்பது 12 மாத அனுமதிச் சீட்டாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குள் ஏதாவது ஒரு துறை உங்களைப் பணியில் அமர்த்த வேண்டியிருந்தது. இல்லையென்றால் தகுதி காலாவதி. மறுபடி தேர்வு எழுத முடிந்தது, பட்டம் வாங்கி இரண்டு வருஷம் தாண்டாமல் இருந்தால்.

சரி, அந்தச் சீட்டுக்கு என்ன மதிப்பு? இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள்தான் வேலை வாங்கினார்கள். சாதாரணமாக ஒரு மத்திய அரசு வேலைக்கு யூஎஸ்ஏஜாப்ஸ் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் அறிவிப்பு போட வேண்டும், வந்த விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க வேண்டும், பட்டியல் மேலாளருக்குப் போக வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். ஃபைனலிஸ்ட் ஒருவரை எடுக்க அந்தப் பொதுப் போட்டி தேவைப்படவில்லை. மேலாளருக்குப் பிடித்திருந்தால் நேரடியாக எடுக்க முடிந்தது, இரண்டு வருஷம் கழித்து நிரந்தரப் பணிக்கு மாற்றவும் முடிந்தது. பதிலுக்கு அந்தத் துறை ஓபிஎம்முக்கு, அதாவது மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்துக்கு, ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்ட வேண்டியிருந்தது.

சிக்கல் என்னவென்றால், பாதி மேலாளர்களுக்கு இப்படி ஒரு வழி இருந்ததே தெரியாது. ஃபைனலிஸ்ட்களுக்கு மட்டும் திறக்கும் ஒரு தளம் இருந்தது, இடங்கள் அதில் வரும். அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் அதில் வரும் ஒவ்வோர் இடத்துக்கும் எல்லா ஃபைனலிஸ்ட்களும் பாய்வார்கள். எனக்கு உதவியது வேறு. ஒவ்வொரு துறையிலும் பிஎம்எஃப் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருந்தார். எனக்குப் பிடித்த ஆய்வறிக்கைகளை வெளியிட்ட பிரிவுகளின் தலைவர்களுக்கு நேரே எழுதினேன். இரண்டே பத்தி: நான் யார், உங்கள் வேலையில் எதைச் செய்ய முடியும், என்னை அறிவிப்பு இல்லாமலே எடுக்கலாம், உங்கள் துறையில் அதற்குக் கேட்க வேண்டிய ஒருங்கிணைப்பாளர் இவர். கடைசி வரிக்குத்தான் பதில் வந்தது. பாவம், ஆள் பற்றாக்குறையில் இருந்த ஒரு பிரிவுத் தலைவர், "இப்படி ஒரு வசதியா?" என்றே திருப்பி எழுதினார்.

எங்கள் அணியின் நேரம் மோசமான நேரம். 2013 மார்ச் 1-ல் சீக்வெஸ்ட்ரேஷன் என்ற செலவு வெட்டு அமலுக்கு வந்தது. துறைகள் ஆளெடுப்பை நிறுத்தின. இருப்பவர்களையே சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிய இடங்களும் உண்டு. ஒரு துறை (பெயர் வேண்டாம்) எனக்கு முதற்கட்டப் பணி ஆணை அனுப்பிவிட்டு, பிறகு இடமே ரத்தாகிவிட்டது என்று ஒருவரி மின்னஞ்சல் அனுப்பியது. அதற்குள் நான் வாடகைக்கு வீடு பார்க்க ஆரம்பித்திருந்தேன். அக்டோபரில் 16 நாள் அரசே மூடிக் கிடந்தது. ஆனால் 12 மாதக் கடிகாரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. இதுதான் திட்டத்தின் மிகப் பெரிய ஓட்டை என்பேன். தாமதம் அரசுடையது, காலாவதியாவது நம்முடைய தகுதி.

முதற்கட்ட ஆணை என்பது வெறும் விருப்பக் கடிதம். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து இறுதி ஆணையும் சேரும் தேதியும் வரும்வரை கையில் இருக்கும் வேலையை விடாதீர்கள். இதை ஃபைனலிஸ்ட்களுக்கு யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

பணத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஜிஎஸ் என்ற மத்திய அரசு ஊதிய வரிசையில் 9, 11, 12 என்று மூன்று படிநிலைகளில் எதிலும் எடுக்க முடிந்தது. துறைதான் முடிவு செய்தது. 2013-ல் வாஷிங்டனில் 9-ன் தொடக்கச் சம்பளம் 51,630 டாலர், 11-க்கு 62,467. ஒரே தேர்வில் தேறிய இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து மேஜையில் 10,000 டாலருக்கும் மேல் சம்பள வித்தியாசத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆகவே ஆணை வந்த சந்தோஷத்தில் தலையாட்டாமல், எந்தப் படியில் சேர்க்கிறீர்கள், இரண்டு வருஷம் முடியும்போது எந்தப் படிவரை போகலாம் என்று எழுத்தில் கேளுங்கள். பின்னதுதான் முக்கியம். நான் 9-ல்தான் சேர்ந்தேன்.

உள்ளே போனபின் நன்றாகவே இருந்தது. இரண்டு வருஷத்தில் 160 மணி நேரம் வகுப்புப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. அதில் பாதி தூக்கம் வரவழைத்தது. வழிகாட்டி ஒருவரும் இருந்தார். ஆனால் நான்கிலிருந்து ஆறு மாதம் வேறொரு பிரிவிலோ துறையிலோ போய் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி இருந்ததே, முழுத் திட்டத்துக்கும் மதிப்பு அதில்தான். நான் அட்லாண்டாவில் சிடிசிக்கு, அதாவது மத்திய அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்கு, போனேன். வாஷிங்டனில் நாங்கள் எழுதும் ஒரு விதி, களத்தில் தடுப்பூசி எண்ணுகிறவருக்கு எத்தனை படிவமாகப் போய்ச் சேருகிறது என்று அங்கேதான் பார்த்தேன். வேறு எந்த வேலையும் முதல் வருஷத்தில் இதைக் காட்டியிருக்காது.

அந்த இரண்டு வருஷமும் தகுதிகாண் காலம்தான். நிரந்தரம் தானாக வராது. என் பிரிவில் மாற்றினார்கள், பக்கத்துப் பிரிவில் ஒருவரை மாற்றவில்லை.

ஆக, பயிற்சிக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஃபைனலிஸ்ட்டை வேலையோடு சேர்த்துவைக்கும் விதத்துக்கு ஒன்றரை, அதுவும் ஒருங்கிணைப்பாளர்களுக்காக.

இப்போது வேறு ஃபெலோஷிப்களில் இந்த நிலையில் இருப்பவர்களுக்கு: ஏஏஏஎஸ் என்ற அமெரிக்க அறிவியல் அமைப்பு நடத்தும் அறிவியல் கொள்கை ஃபெலோஷிப்பிலும் ஃபைனலிஸ்ட்கள் அலுவலகங்களோடு நேர்காணலுக்கு உட்கார்ந்துதான் இடம் பிடிக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் வாழ்த்துக் கடிதம் வந்த அன்றே மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிவிடுங்கள்: இடம் தருவது யார், தகுதி எந்தத் தேதியில் காலாவதியாகும், ஆளெடுப்பு நின்றுபோனால் அந்தத் தேதி நகருமா. மூன்றாவதற்குப் பதில் இழுத்தால் அன்றைக்கே மற்ற விண்ணப்பங்களையும் தொடருங்கள்.