தமிழ்நாட்டின் உறுப்பு தானச் சேவை: கொடுத்த வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தைப் பற்றி, உறுப்பு கிடைத்து உயிர் பிழைத்தவர்கள் நன்றியோடு எழுதியவற்றைப் பலமுறை படித்திருக்கிறேன். உறுப்பைக் கொடுத்துவிட்டு உடலை வீட்டுக்கு எடுத்து வந்தவர்கள் எழுதியதை அவ்வளவாகப் பார்த்ததில்லை. 2024ஆம் ஆண்டில் என் அக்காவின் கணவர் இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தார். அவருடைய இதயம், கல்லீரல், இரண்டு சிறுநீரகங்கள், கண்களின் கருவிழிகள் ஆகியவற்றைக் கொடுக்க அக்கா சம்மதித்தார். அந்த இரண்டு நாள்களிலும், அதற்குப் பிந்தைய சில வாரங்களிலும் நாங்கள் நேரில் கண்டதை வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். உறுப்புகளைக் கையாளும் விதத்தில் இந்தச் சேவை மிக உயர்ந்த தரத்தில் இருக்கிறது. உறுப்புகள் புறப்பட்டுப் போன பின்பு, உடலையும் அதற்குரிய காகிதங்களையும் கையாளும் விதத்தில் அந்தத் தரம் இல்லை.

சற்றுப் பின்னணி சொல்ல வேண்டும். மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் வந்தது என்றாலும், தமிழ்நாட்டில் இது அரசின் முறையான திட்டமாக உருப்பெற்றது 2008இல்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்ததும், சென்னை நகரப் போக்குவரத்தை நிறுத்தி அவனுடைய இதயம் முகப்பேருக்குக் கொண்டுசெல்லப்பட்டதும் வீட்டுத் திண்ணைகளில்கூடப் பேசப்பட்டன. மருத்துவர் அமலோற்பவநாதனை அமைப்பாளராகக் கொண்டு இயங்கிய திட்டம், 2014 டிசம்பரில் தனி ஆணையமாக மாற்றப்பட்டது. 2023இல் 178ஆக இருந்த கொடையாளர் எண்ணிக்கை 2024இல் 268 ஆனது. அந்த 268 பேரில் எங்கள் வீட்டு மனிதரும் ஒருவர் என்பதால், எனக்கு அது வெறும் எண்ணாகத் தெரிவதில்லை.

இந்தச் சேவையில் நான் முதலில் பாராட்ட விரும்புவது மூளைச்சாவை உறுதிசெய்யும் முறையை. விதிப்படி நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும். அவர்களில் எவரும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சைக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. ஒரு முறை செய்த சோதனைகள் அனைத்தையும் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் செய்து பார்க்க வேண்டும். கண்மணியில் ஒளி பாய்ச்சுவது, கருவிழியைப் பஞ்சால் தொடுவது, காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்துவது, தொண்டையைத் தூண்டி இருமல் வருகிறதா என்று பார்ப்பது எனப் பல சோதனைகள் உண்டு. அவற்றின் முடிவில், செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்து உடலைப் பிரித்து, மூச்சு தானாக எழுகிறதா என்று பார்க்கிறார்கள்.

அத்தானின் தாயாருக்கு இதில் எதுவும் மனத்தில் ஏறவில்லை. "நெஞ்சு ஏறி இறங்குது, கை சூடா இருக்கு, என் புள்ளய செத்துட்டான்னு சொல்றீங்களே" என்று அவர் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண் அவரிடம் வாதாடவில்லை. மருத்துவரிடம் அனுமதி பெற்று, இரண்டாவது சோதனையின்போது அக்காவையும் அந்த அம்மாவையும் என்னையும் உள்ளே அழைத்துச் சென்றார். குழாயைக் கழற்றினார்கள், ஆக்சிஜன் மட்டும் மெல்லிய குழாய் வழியே போய்க்கொண்டிருந்தது. அதுவரை நிமிடத்துக்கு இத்தனை முறை என்று கணக்காக உயர்ந்து தாழ்ந்துகொண்டிருந்த மார்பு, போர்வைக்கு மேலே அசையாமல் நின்றது. திரையில் இதயத்துடிப்பின் கோடு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருங்கிணைப்பாளர் அந்த அம்மாவின் முழங்கையைப் பிடித்தபடி, "மெஷின்தான் அம்மா இவ்வளவு நேரம் மூச்சு விட்டுச்சு" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எட்டு நிமிடங்களோ பத்து நிமிடங்களோ, நாங்கள் அந்த மார்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே வந்ததும் அந்த அம்மா கேட்டது, "கண்ணையும் எடுப்பாங்களா" என்பதை மட்டுமே.

உறுப்பு தானம் பற்றிய கேள்வியை அந்த ஒருங்கிணைப்பாளர் அதற்கு முன்பு ஒரு சொல்லாகக்கூட எழுப்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இறப்பைக் குடும்பம் ஏற்றுக்கொள்ளும் வரை தானத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது இவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம். இதற்கெனப் பயிற்சி அளிப்பதில் சென்னையில் 1997இல் தொடங்கப்பட்ட மோகன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தின் பங்கு பெரியது. சட்டத்தில் 2011இல் செய்த திருத்தம் ஒருங்கிணைப்பாளர் பணியைக் கட்டாயமாக்கியதைத்தான் இந்தத் திட்டத்தின் மிக நல்ல ஏற்பாடாக நான் கருதுகிறேன். எந்த உறுப்பைத் தருகிறோம், எதைத் தரவில்லை என்று தனித்தனியாகக் கேட்டு, குடும்பத்தின் சம்மதத்துக்கான எட்டாம் எண் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே அக்காவிடம் கையெழுத்து வாங்கினார். தோல் வேண்டாம் என்று அக்கா சொன்னபோது காரணம் கேட்கவில்லை.

சம்மதம் தந்த பிறகு ஆணையம் இயங்கிய வேகம் வியப்பைத் தந்தது. உடலிலிருந்து வெளியே எடுத்த இதயத்துக்கு நான்கு முதல் ஆறு மணி நேரமே அவகாசம். கல்லீரல் அதைவிடச் சற்று அதிகம் தாங்கும். சிறுநீரகம் ஒரு நாள் வரை காத்திருக்கும். இந்தக் கணக்குக்கு ஏற்ப, இரவோடு இரவாக எந்த உறுப்பு எந்த ஊருக்கு என்பது முடிவாகி, அதிகாலை நான்கு மணிக்கு வெளியூர்க் குழு வந்து சேர்ந்துவிட்டது. உறுப்புகள் யாருக்குப் போகும் என்பதை மருத்துவமனை தன் விருப்பம்போல் முடிவு செய்ய முடியாது. கொடையாளர் இருந்த மருத்துவமனைக்கு ஒரு சிறுநீரகம், பொதுப் பட்டியலுக்கு மற்றொன்று என்பது தொடக்கம் முதல் இருந்துவரும் அடிப்படை முறை. பொருந்தும் இந்தியர் எவரும் இல்லாதபோதுதான் வெளிநாட்டவருக்கு முறை வரும். பெற்றவர் யார் என்பதைக் கொடுத்தவருக்குச் சொல்வதில்லை. அது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தெரிந்திருந்தால் அக்காவால் அங்கே போகாமல் இருந்திருக்க முடியாது.

இனி குறைகள். முதலாவது, கட்டணம். கொடையாளரின் உடலைப் பராமரிப்பதற்கும் உறுப்புகளை எடுப்பதற்கும் ஆகும் செலவு எதையும் அவருடைய குடும்பத்தின் மீது சுமத்தக் கூடாது என்று 2014ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. ஆனாலும் எங்களிடம் தரப்பட்ட ரசீதில், சம்மதக் கையெழுத்துக்குப் பிந்தைய ஐந்து மணி நேரத் தீவிர சிகிச்சைக் கட்டணமும் மருந்துகளும் சேர்ந்திருந்தன. சுட்டிக்காட்டியதும் நீக்கினார்கள், வருத்தமும் தெரிவித்தார்கள். ஆனால் விதி தெரியாத ஒரு குடும்பம் அந்தத் தொகையைக் கடன் வாங்கியாவது கட்டியிருக்கும். படிவத்தோடு சேர்த்து ஒரு பக்கத் தகவல் தாளை ஆணையம் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.

இரண்டாவது குறை பெரியது. காலை எட்டு மணிக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. விபத்து வழக்கு என்பதால் பிரேதப் பரிசோதனை கட்டாயம். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் விபத்து நடந்த இடம் வேறு மாவட்டத்துக் காவல்நிலைய எல்லைக்குள் வந்ததால், அங்கிருந்து ஏட்டு காகிதங்களோடு வந்து சேர்ந்து, உடல் எங்கள் கைக்குக் கிடைக்கும்போது மாலை நான்கரை. பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் அக்கா எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். இதயம் விமான நிலையத்துக்குப் போகச் சிக்னல்களை நிறுத்தி வழி செய்து கொடுத்த அதே காவல்துறை, அந்த மனிதரின் உடலுக்கு ஒரு விசாரணை அறிக்கையை விரைந்து தர முடியாமல் போனதை என்னால் ஏற்க முடியவில்லை. உறுப்பு தானம் நடக்கும் நேர்வுகளில் அலுவல் நேரத்துக்கு அப்பாலும் பிரேதப் பரிசோதனை செய்ய விதியில் இடம் உண்டு. சூரியன் மறைந்த பின்பும் செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தபோது, உறுப்பு தானத்துக்கு முன்னுரிமை தரச் சொன்னது. ஆகவே தடையாக இருந்தது சட்டம் அல்ல. சம்மதம் கையெழுத்தாகும் இரவிலேயே சம்பந்தப்பட்ட காவல்நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். அந்தப் பொறுப்பு ஒருவருடைய பெயரில் இருக்க வேண்டும்.

கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடக்கும் என்று 2023 செப்டம்பரில் முதலமைச்சர் அறிவித்தது எங்கள் ஊரில் முறையாக நிறைவேறியது. கோட்டாட்சியர் வந்து மலர்வளையம் வைத்து, அத்தானின் தாயாருக்கு முன்னால் கைகூப்பி நின்றார். தெருவே திரண்டு நின்று பார்த்தது. உறுப்பில்லாமல் உடலை எரித்தால் அடுத்த பிறவியில் குறை வரும் என்று காலையில் முணுமுணுத்த உறவினர்கள் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. இந்த ஒரு ஏற்பாடு செய்யும் வேலையை நூறு சுவரொட்டிகளால் செய்ய முடியாது.

பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஆதார் எண்ணைக் கொண்டு தேசிய உறுப்பு மாற்று அமைப்பின் இணையதளத்தில் உறுதிமொழி பதிவதற்குச் சில நிமிடங்களே ஆகின்றன, நானும் அக்காவும் பதிந்துவிட்டோம். ஆனால் நடைமுறையில் வீட்டாரின் கையெழுத்து இல்லாமல் எதையும் எடுப்பதில்லை. எனவே பதிந்ததை வீட்டில் சொல்லி வையுங்கள்.

கடைசியாக, தேதி. இரண்டாவது சோதனை முடிந்தது செவ்வாய் இரவு பதினொரு மணிக்குச் சற்று முன்பு. இதயம் எடுக்கப்பட்டது புதன் விடியற்காலையில். மருத்துவமனைத் தாளில் செவ்வாய் என்றும், பிரேதப் பரிசோதனைத் தாளில் புதன் என்றும் இருந்ததால், இறப்புச் சான்றிதழுக்கும் காப்பீட்டுக்கும் ஆறு வாரங்கள் அலைந்தோம். உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு செயலிழப்பை இறப்பாக ஏற்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமோ உயிரின் அடையாளங்கள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதையே இறப்பு என்கிறது. இரண்டுக்கும் நடுவில் குடும்பங்கள் அகப்பட்டுக்கொள்ளாதபடி, எந்த நேரத்தை எழுத வேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் பிணவறைகளுக்கும் ஒரே அறிவுறுத்தல் போக வேண்டும். கருமாதிக்கு நாள் குறிக்க வந்த புரோகிதரும் திதி எது என்று இதையேதான் கேட்டார். பெரியவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். போர்வைக்கு மேலே மார்பு அசையாமல் நின்றதைப் பார்த்த அக்கா, செவ்வாய்க்கிழமை என்று சொன்னார். அவருடைய மாமியாரும் அதையே சொன்னார்.