பெஸ்தாரி ஜெயா மண்ணுக்குப் பால்மரமா, செம்பனையா?

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில், மறுநடவுக் காலம் வந்துவிட்டால் எழுவது ஒரே கேள்விதான்: பால்மரம் எனப்படும் ரப்பரா, எண்ணெய் தரும் செம்பனையா? ஊருக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் மேட்டு நிலம் வைத்திருக்கும் என் மாமாவும் இதையே கேட்டார். சந்தை விலையைப் பார்த்துப் பதில் சொல்வது இங்கே வழக்கம். ஆனால் விலை மாதத்துக்கு மாதம் மாறும். நட்ட மரமோ 25 ஆண்டுகள் அதே இடத்தில் நிற்கும். ஆகவே பேச்சை மண்ணிலிருந்து தொடங்குவதே முறை.

ஊரை ஒட்டி ஓடும் சிலாங்கூர் ஆறு, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரில் தோன்றுகிறது. அம்மலைகளின் உடல் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுப் பழமையுள்ள கிரானைட் பாறை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையும் ஓயாத வெப்பமும் அப்பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைத்து, சுண்ணாம்புச் சத்தையும் பொட்டாசியத்தையும் கழுவிக்கொண்டுபோய், கரையாத இரும்பையும் பருமணலையும் வெண்களியையும் மட்டும் விட்டுவைத்தன. மேட்டு நிலத்துச் செம்மண்கள் இவ்வாறு சத்திழந்தவை. பாறையிலிருந்த வெள்ளீயத்தாது எடை மிகுந்ததாகையால் பள்ளத்தாக்குகளில் படிந்தது. மேற்கே கோலா சிலாங்கூர் நோக்கிப் போகப் போகத் தரை தட்டையாகிறது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இன்றையதைவிட உயர்ந்து நின்ற கடல் பின்வாங்கியபோது, அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே தங்கிய சாம்பல்நிறக் களிமண் அது.

இந்தக் கடற்களியில் போட்டிக்கே இடமில்லை, செம்பனைதான். செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. அதன் வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பாயாகப் பரவுவதால், சில நாள் வெள்ளம் தேங்கினாலும் மரம் தாங்கும். களி பிடித்துவைத்திருக்கும் சத்தையும் அது முழுமையாக எடுத்துக்கொள்ளும். பால்மரத்தின் ஆணிவேரோ கீழே இறங்கியதும் நிலத்தடி நீரில் முட்டி நின்றுவிடும். பிடிப்பில்லாத மரம் புயற்காற்றுக்குச் சாயும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரரால் இவ்வூர் வட்டாரத்திலேயே, தென்னமாரம் தோட்டத்தில் நடப்பட்டது. நாட்டின் செம்பனை வரலாறு, தமிழ்க் காதுக்குத் தென்னைமரமாக ஒலிக்கும் பெயரோடு தொடங்கியிருப்பது ஒரு வேடிக்கை.

ஆனால் எல்லாக் களியும் ஒன்றன்று. சில இடங்களில் களியின் கீழடுக்கில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த கனிமம் உறங்கிக் கிடக்கிறது. பாரிட்டை, அதாவது வடிகாலை, அளவுக்கு மீறி ஆழமாக வெட்டி நீரை வடித்துவிட்டால், அந்த அடுக்கில் காற்றுப்பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும்; மண்ணின் பிஎச் அளவு 3.5க்கும் கீழே இறங்கும். வெட்டுச்சுவரில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் கீற்றுகள் தென்படும். பாரிட்டில் நிற்கும் நீரில் கலங்கல் எல்லாம் அடியில் படிந்து, தரைவரை கண்ணாடிபோலத் தெரியும். தெளிந்த நீரைக் கண்டு விவசாயி அஞ்ச வேண்டிய இடம் இது. அங்கே தடுப்புப் பலகை வைத்து நீர்மட்டத்தை அந்த அடுக்குக்கு மேலேயே நிறுத்தத் தெரியாதவர், செம்பனை நட்டும் பயனில்லை. முன்பு தென்னை நின்ற களிநிலமானால், அடித்தண்டை அழுகவைக்கும் கானோடெர்மா பூஞ்சையையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மேட்டு நிலத்தில் என் தீர்ப்பு மாறுகிறது. மாமாவின் நிலத்தில் முழங்கால் ஆழம் தோண்டியபோதே மண்வெட்டி சரளையில் மோதி ஓசை எழுப்பியது; கையில் எடுத்த மண்ணில் பாதி, சுண்டைக்காய் அளவுள்ள இரும்புக் கற்கள். இத்தகைய மண்ணில் மழை சில வாரம் பொய்த்தாலே செம்பனைக்குத் தாகம் எடுத்து, பின்னர் பெண்பூ குறைந்து ஆண்பூ மிகும். அதன் விளைவு குலையில் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆவதால், காரணம் எதுவென்றே பலருக்குப் புலப்படுவதில்லை. மேலும், ஒவ்வொரு குலையோடும் நிலத்தின் பொட்டாசியம் ஆலைக்கு ஏறிப் போகிறது. ஏற்கெனவே அது கழுவப்பட்ட மண்ணில், போன சத்தை மூட்டை மூட்டையாக உரம் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். பால்மரம் கொடுப்பது பெரும்பாலும் நீரும் ரப்பரும்தான். நிலத்திலிருந்து அது எடுத்துச் செல்லும் சத்து மிகவும் குறைவு. பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் இலை உதிர்த்துத் தன் காலடியில் தானே பாய் விரித்துக்கொள்ளும். சரிவில் செம்பனை நடப் படிக்கட்டு வெட்டவேண்டும், பழுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்கவேண்டும், அதற்குப் பாதை வேண்டும். அப்பாதைதான் முதல் மழையிலேயே ஓடையாகிறது.

பழைய ஈயலம்பத்து மணலில், அதாவது வெள்ளீயம் தோண்டிய சுரங்க நிலத்தில், இரண்டுமே வீண். அது நீரையும் நிறுத்தாது, உரத்தையும் நிறுத்தாது. கொய்யாவுக்கும் குளத்து மீனுக்கும் விட்டுவிடலாம். வடக்கே ராஜா மூசா காட்டுப் பக்கத்தில், முழுதும் மட்காத தாவரக் குவியலாலான கரிச்சதுப்பு நிலத்திலும் இரண்டுமே வேண்டாம் என்பேன். நீரை வடித்தால் அந்நிலம் ஆண்டுதோறும் அமிழும், வேர் வெளியே தெரிய மரம் சாயும், வறட்சியில் தரையே பற்றி எரியும். தஞ்சோங் காராங் நெல்வயல்களுக்கு நீர் கிடைப்பதில் அந்தச் சதுப்புக் காட்டுக்கும் பங்குண்டு.

இவ்வளவு இருந்தும் மேட்டில்கூடப் பால்மரம் ஏன் அழிந்தது? மண் அதைத் தள்ளவில்லை, ஆள் கிடைக்கவில்லை. மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும் விடியலுக்கு முன்பே நிரையில் நின்று, பட்டைக்குள்ளிருக்கும் இளந்தோலில் உளி படாமல் நூற்றுக்கணக்கான மரங்களில் ஒருவர் பால் வெட்டவேண்டும். மழை பெய்தால் அன்றைய பால், அதை ஏந்தும் கிண்ணமான மங்கிலேயே கெட்டுவிடும். செம்பனைக்குப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை போதும். நட்ட 30 மாதங்களில் வருமானமும் தொடங்கும், பால்மரத்துக்கோ ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். நாட்டில் செம்பனை 55 லட்சம் ஹெக்டரைத் தாண்டி நிற்க, ரப்பர் அதில் ஐந்தில் ஒரு பங்களவுக்குச் சுருங்கியதற்கு இக்கணக்கே பெருங்காரணம். வெயிலில் ரப்பர்க்காய் வெடித்துத் தகரக்கூரையில் விதை விழும் ஓசையை இன்றைய தோட்டக் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள் அறியார்.

எனவே மாமாவுக்கு நான் சொன்னது இதுதான்: தாழ்ந்த இரண்டு ஏக்கரில் செம்பனை, சரளையேறிய நான்கு ஏக்கரில் பால்மரம், அதுவும் வீட்டில் உளி பிடிக்க ஒருவர் இருந்தால் மட்டுமே. உளி பிடிக்க மாமா ஒருவர்தான் இருக்கிறார், வயது 63. எந்த மரமானாலும் வெறும் மண் மழைக்கு நிற்காது என்பதால், சரிவு முழுதும் மூடுபயிர்க்கொடியை விதைத்துவிட்டார். கன்றுக்கு இன்னும் சொல்லிவைக்கவில்லை.