பாஸ்வேர்ட் பாலக்காட்டில், கணினி கொழிஞ்சாம்பாறையில்: நெட்வொர்க் பூட்டிங்குக்கு எந்த வழி?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பாலக்காட்டு ரோட்டில் போனால் கொழிஞ்சாம்பாறை. சித்தூர் தாலுகா, ஆந்திரத்துச் சித்தூர் அல்ல, கள்ளுக்குப் பேர்போன கேரளத்துச் சித்தூர். அங்கே ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் 24 கணினிகள். கேரளப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஐடி பாடமே லினக்ஸில்தான். அரசின் கைட் அமைப்பு உபுண்டுவை வைத்துச் செய்து தருவது. தமிழ்நாட்டுப் பக்கமிருந்து டாலி படிக்க வருகிறவர்களுக்கோ விண்டோஸ் வேண்டும். 24 பெட்டியிலும் இரண்டையும் ஏற்றி, இரண்டையும் மாதாமாதம் அப்டேட் செய்து மாளாது. விண்டோஸ் வட்டிலேயே இருக்கட்டும், லினக்ஸ் மூலையில் உள்ள சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியாக வரட்டும் என்று முடிவானது. அதற்கான எல்டிஎஸ்பி மென்பொருள் 1999இலிருந்து இருக்கிறது, இலவசம். சிக்கல் அதில் இல்லை, கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி கொடுக்கும் டிஎச்சிபியில்.

நெட்வொர்க் வழியாகத் தொடங்க, அதாவது பூட் ஆகப் பார்க்கும் கணினி இரண்டு கேள்வியைக் கூவிக் கேட்கிறது. எனக்கு என்ன முகவரி? எந்தச் சர்வரிடம் போய் எந்தக் கோப்பை எடுக்கட்டும்? முதல் கேள்விக்கு, இணைய வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வால் ஏற்கனவே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. இரண்டாவதற்கு யாரைப் பேச விடுவது என்பதுதான் விஷயம். ஃபயர்வாலையே சொல்லச் சொல்லலாம். முகவரியை அது கொடுக்க, பூட் விவரத்தை மட்டும் பக்கத்தில் வேறொருவரைச் சொல்ல வைக்கலாம். அல்லது ஃபயர்வாலின் டிஎச்சிபியை அணைத்துவிட்டு மொத்தத்தையும் லினக்ஸ் சர்வருக்கு மாற்றலாம்.

மூன்றாவதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். காகிதத்தில் அதுதான் அழகு: எல்லாம் ஒரே கோப்பில், நம் கையில். சில வருடம் முன்பு ஒரு அலுவலகத்தில் அப்படித்தான் செய்தேன். ஆடி மாதக் காற்றில் கரண்ட் போனது, சர்வரின் யுபிஎஸ் படுத்தது. ஃபயர்வால் இன்வெர்ட்டரில் ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. முகவரிகளின் குத்தகைக் காலம் முடிய முடிய ஒவ்வொரு கணினியாக முகவரி இழந்தது; நெட்வொர்க் பூட்டிங்குக்கும் வைத்த சர்வர் விழுந்ததில் கணக்குப் பிரிவுக்கு இணையம் இல்லை. "ஏனுங், டிஎச்சிபிய அணைச்சுப்போட்டீங்களா?" என்று போன் வந்தது. ஆமாம், நான்தான் அணைத்தேன். நல்ல மின்வசதியும் முழுநேர ஆளும் உள்ள கல்லூரி என்றால் இது சரி. எல்லையோரத்துச் சின்ன லேப்புக்கு வேண்டாம்.

இனி நிஜமான போட்டி.

ஃபயர்வாலிலேயே எழுதுவது, வசதி இருந்தால், மிகச் சுத்தமான வழி. பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளில் டிஎச்சிபி சர்வர் பக்கத்தின் அடியில் நெட்வொர்க் பூட்டிங் என்று ஒரு பகுதி உண்டு. அதை இயக்கி, நெக்ஸ்ட் சர்வர் என்ற இடத்தில் பூட் சர்வரின் முகவரியைக் கொடுத்து, பழைய பயாஸுக்கு ஒரு கோப்பு, 64 பிட் யுஇஎஃப்ஐக்கு இன்னொன்று என்று தனித்தனியாக நிரப்பலாம். பயாஸும் யுஇஎஃப்ஐயும் கணினியை எழுப்பும் உள்மென்பொருளின் பழைய, புதிய வகைகள். இந்தத் தனித்தனிதான் உயிர். பயாஸ் கணினிக்கான கோப்பு யுஇஎஃப்ஐயில் ஓடாது. யுஇஎஃப்ஐ கோப்பு பயாஸில் ஓடாது. கணினி தான் எந்த ஜாதி என்பதை 93ஆம் எண் ஆப்ஷனில் (டிஎச்சிபி செய்தியில் எண் போட்டு வரும் கூடுதல் தகவல்) சொல்லியே கேட்கிறது: 0 என்றால் பயாஸ், 7 என்றால் பொதுவாக 64 பிட் யுஇஎஃப்ஐ. அதைப் படித்துப் பார்த்துப் பதில் சொல்லும் ஃபயர்வால் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பல சின்ன ஃபயர்வால் பெட்டிகள் அதைப் படிப்பதில்லை. 66, 67 என்ற இரண்டு ஆப்ஷன்களைத் தருவார்கள். சர்வர் பெயர் ஒன்று, கோப்புப் பெயர் ஒன்று, கதை முடிந்தது. அதிலும் ஒரு பொறி உண்டு. சர்வர் முகவரிக்கு டிஎச்சிபி பொட்டலத்திலேயே ஒரு தனிப் புலம் இருக்கிறது. நெக்ஸ்ட் சர்வர் என்பது அதுதான். ஆப்ஷன் 66 அதே வேலைக்கான வேறொரு இடம். சில கணினிகள் முதலாவதை மட்டும் பார்க்கும். 66ஐ நிரப்பிவிட்டு அந்தப் புலத்தைக் காலியாக விட்டால், கணினி ஃபயர்வாலையே பூட் சர்வர் என்று நினைத்து அதனிடம் போய்க் கோப்புக் கேட்கும். கிடைக்குமா? திரையில் இ32 என்று, பூட் கோப்பை அனுப்பும் எளிய முறையான டிஎஃப்டிபியின் டைம்அவுட் வரும். கோப்புப் பெயரே வரவில்லை என்றால் இ53. இந்த இரண்டு எண்களையும் லேப் சுவரில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

இன்னொன்று, பூட் சர்வர் வேறு சப்நெட்டில் (வேறு முகவரி வரிசையில்) இருந்தால் ஃபயர்வாலே குறுக்கே நிற்கும். டிஎஃப்டிபியில் கேள்வி சர்வரின் 69ஆம் போர்ட்டுக்கு, அதாவது 69ஆம் எண் வாசலுக்குப் போகும், பதிலோ வேறொரு போர்ட்டிலிருந்து வரும். கேட்டவன் ஒருவன், பேசுபவன் வேறொருவன் என்று ஃபயர்வால் தடுத்துவிடும். சர்வரையும் கணினிகளையும் ஒரே சப்நெட்டில் வைத்தால் இந்தத் தலைவலி இல்லை.

அப்டேட்டையும் கவனிக்க வேண்டும். பிஎஃப்சென்ஸ் வெகுகாலம் நம்பியிருந்த ஐஎஸ்சி டிஎச்சிபி சர்வருக்கு 2022 கடைசியில் பராமரிப்பு நின்றுபோனது. 2023இல் கியா என்ற வாரிசு உள்ளே வந்தது. மேலே பக்கம் அதேதான், கீழே எஞ்சின் வேறு. மாற்றிய அன்றே ஒரு பயாஸ், ஒரு யுஇஎஃப்ஐ இரண்டையும் பூட் செய்து பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ப்ராக்ஸி டிஎச்சிபி. பெயர் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஃபயர்வாலைத் தொடவே தேவையில்லை. பூட் சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற மென்பொருளை நிறுவி, டிஎச்சிபி வரம்பு வரியில் சப்நெட்டை எழுதிப் பக்கத்தில் ப்ராக்ஸி என்று சேர்த்தால் அது யாருக்கும் முகவரி கொடுக்காது. நெட்வொர்க் பூட் கேட்கும் கணினிக்கு மட்டும் 'முகவரி அவரிடம் வாங்கிக்கொள், கோப்பு என்னிடம் வா' என்று பதில் போடும். பயாஸா யுஇஎஃப்ஐயா என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். எல்டிஎஸ்பியும் பேசாமல் விட்டால் இப்படித்தான் அமைத்துக்கொள்கிறது. சர்வர் படுத்தாலும் லேப்பில் லினக்ஸ்தான் வராதே தவிர, மற்றவர்களின் இணையம் அப்படியே இருக்கும். ஆடிக் காற்றுக்கு இது போதும்.

சரி, குறை? இரண்டு பேர் பேசும் இடத்தில் குழப்பம் வரத்தான் செய்யும். ஃபயர்வாலில் யாரோ எப்போதோ போட்ட 67ஆம் ஆப்ஷன் மிச்சமிருந்தால், சில கணினிகள் அதைப் பிடித்துக்கொண்டு தவறான பக்கம் ஓடும். கொஞ்சம் பழைய யுஇஎஃப்ஐகளில் சில ப்ராக்ஸியைச் சரியாக மதிப்பதில்லை. பூட் சர்வரில் 67, 69 போர்ட்களோடு 4011ஐயும் திறந்துவைக்க வேண்டும், மறந்தால் இ55. எங்களைப் பாதி நாள் அலையவிட்டது இவை எதுவும் அல்ல, சுவிட்ச். கள்ள டிஎச்சிபி சர்வரைத் தடுக்கும் ஸ்னூப்பிங் அதில் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் கண்ணுக்கு டிஎன்எஸ்மாஸ்க்கும் கள்ளன்தான். சர்வரின் வயர் செருகிய சுவிட்ச் போர்ட்டை நம்பகமானது என்று குறித்ததும் எல்லாம் ஓடியது.

எந்த வழி போனாலும் பொதுவான சில வேலைகள் உண்டு. சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ (வயர்கள் வளையமாகிவிடாமல் பார்க்கும் ஏற்பாடு) இருந்தால் கணினி செருகிய போர்ட்களில் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டைப் போடுங்கள். இல்லாவிட்டால் போர்ட் திறக்கவே 30 விநாடி ஆகும், அதற்குள் சில யுஇஎஃப்ஐகள் கை விரித்துவிடும். டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட் 512 பைட்டாக, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் வாங்கிக்கொண்டு நகர்கிறது. அதனால் ஐபிஎக்ஸ்இ என்ற சின்னக் கோப்பை மட்டும் அதில் அனுப்பிவிட்டு, பெரிய கோப்புகளை எச்டிடிபி வழியாக இழுப்பது நல்லது. கையொப்பமில்லாத பூட் கோப்பை ஏற்காத செக்யூர் பூட் தடுத்தால், லேப் கணினிதானே, நான் அணைத்துவிட்டேன்.

அப்படியானால் எது? என் பொள்ளாச்சி அலுவலகத்தில் பிஎஃப்சென்ஸ், பாஸ்வேர்ட் என்னிடம். அங்கே ஃபயர்வாலிலேயே எழுதியிருக்கிறேன், இரண்டாவது ஆளுக்கு வேலையில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஃபயர்வாலைப் பார்த்துக்கொள்வது பாலக்காட்டில் இருக்கும் ஒரு விற்பனையாளர். ஒரு ஆப்ஷன் மாற்றச் சொன்னால் இரண்டு நாள். அந்தப் பெட்டியில் கோப்புப் பெயருக்கு ஒரே இடம். லேப்பிலோ 9 பயாஸ், 15 யுஇஎஃப்ஐ. தொழில்நுட்பத்தை எவ்வளவு அலசினாலும் தீர்மானித்தது பாஸ்வேர்ட் யார் கையில் என்பதுதான். ப்ராக்ஸியையே வைத்தோம்.

போன மழைக்காலத்தில் விற்பனையாளர் சொல்லாமல் கொள்ளாமல் ஃபயர்வாலை மாற்றினார். புதுப் பெட்டி, புது முகவரி வரிசை. காலையில் லேப் பார்த்துக்கொள்ளும் மாஷ் (வாத்தியார்) போன் செய்தார்: "சார், லினக்ஸ் மட்டும் வர்றதில்ல." சர்வரின் நிலையான முகவரியையும் டிஎன்எஸ்மாஸ்க்கில் சப்நெட் எழுதிய வரியையும் போனிலேயே சொன்னேன். அவரே மாற்றினார். நான் கோபாலபுரம் தாண்ட வேண்டியிருக்கவில்லை.