கொத்துத் தலைவலியோடு 14 ஆண்டுகள்: எனக்குக் கேட்டதும் கேட்காததும்

தலையின் ஒரு பக்கத்தை மட்டும் வாரக்கணக்கில் தாக்கும் கொத்துத் தலைவலி (cluster headache) ஆக்சிஜனுக்குக் கேட்காது என்று, வலி வரும் இரண்டு பருவம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். விசாரித்தவர்களிடமும் அப்படியே சொல்லி அனுப்பினேன். அவர்களில் யாராவது என் பேச்சை நம்பி ஆக்சிஜனை முயன்று பார்க்காமலே விட்டிருந்தால், அந்த வலிக்கு நானும் பொறுப்பு. இந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் முதல் காரணம். வலி ஆக்சிஜனுக்குக் கேட்கிறது. எனக்குக் கொடுக்கப்பட்ட அளவும் அதைக் கொடுத்த குழாயும்தான் தவறு.

முதல் வலி வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு முறை, ஆறு முதல் எட்டு வாரம் வரை நீடிக்கும். அந்த வாரங்களைத்தான் எங்கள் வீட்டில் பருவம் என்கிறோம். பருவத்தில் தினமும் இரண்டோ மூன்றோ முறை வலி வரும். பருவம் முடிந்தால் மறுபருவம் வரை சுவடே இருக்காது. மருத்துவ வரையறைப்படி ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதிலிருந்து நாளுக்கு எட்டு முறை வரை வரலாம். வலியில்லாத இடைவெளி மூன்று மாதத்துக்கும் குறைந்தால் அதை நாள்பட்ட வகை என்பார்கள். எனக்கு அந்த வகை இல்லை. அதனால் நான் எழுதுவது விட்டு விட்டு வரும் வகையின் அனுபவம் மட்டுமே.

வலி எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு ஒன்றரை மணிவாக்கில், தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆனதும், வலது காது அடைத்ததுபோல் இருக்கும். பிறகு வலது மூக்குத் துளை அடைக்கும். வலது இமை கனத்துக் கீழிறங்கும், கண்ணீர் அந்த ஒரு கண்ணிலிருந்து மட்டும் வழியும். ஐந்தாறு நிமிடத்துக்குள், கண்ணுக்குப் பின்னாலிருந்து யாரோ கடப்பாரையால் நெம்பி விழியை வெளியே தள்ளுவதுபோல் ஆகிவிடும். இடது பக்கம் முழுவதும் ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியாக இருக்கும். பிரசவ வலியையும் அறிந்தவள் நான். இதன் உச்சத்தை அதற்கும் மேலாகத்தான் வைப்பேன்.

நோய் இன்னதென்று தெரிய ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. மேல் தாடையில் வலிக்கிறது என்றதால் ஒரு கடைவாய்ப் பல் போனது. மூக்கடைப்பும் நீரும் இருந்ததால் சைனஸ் என்று இரண்டு பருவம் ஆன்டிபயாடிக் மாத்திரைகள் சாப்பிட்டேன். அதன் பிறகு ஒற்றைத் தலைவலி என்றார்கள். பெண் என்றால் அதுவாகத்தான் இருக்கும் என்ற முடிவோடு பார்த்தவர்களே அதிகம். இதில் ஒரு கொடுமை உண்டு. ஒவ்வொரு சிகிச்சையும் பலித்ததுபோலவே தோன்றியது. பல் பிடுங்கிய பத்தாம் நாள் வலி நின்றது. மாத்திரை முடிந்த வாரம் வலி நின்றது. பருவம் தானாக முடிந்திருக்கிறது என்பது யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் வலி திரும்ப வந்தபோது, மறுபடி எங்கோ கிருமி தொற்றிக்கொண்டது என்றே நினைத்தேன்.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வலி வந்தால் இருட்டறையில் படுத்துவிடுவீர்களா?"

"படுக்கவே முடியாது டாக்டர். நடப்பேன். நின்றால் சுவரில் நெற்றியை அழுத்திக்கொள்வேன். உட்கார்ந்தால் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருப்பேன்."

எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் அசையாமல் படுக்கத் தேடுவார்கள், கொத்துத் தலைவலிக்காரர்களால் ஓரிடத்தில் இருக்க முடியாது என்று விளக்கினார். மூளையில் கட்டி போன்றவை இதே வலியைத் தரக்கூடும் என்பதால் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அதில் குறை எதுவும் இல்லை. வலி கடிகாரம் பார்த்து வருவதற்கும் அன்றுதான் காரணம் கேட்டேன். உடலின் நேரக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி வலி நேரத்தில் தூண்டப்படுவதை 1998-இல் மூளைப் படப்பிடிப்பு ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. ஆயிரம் பேரில் ஒருவருக்கு இந்த நோய் வரலாம் என்றும் சொன்னார். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் அழுதேன். என் வலிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

இனி ஆக்சிஜன். அவர் எழுதிக்கொடுத்தது சரிதான். ஆனால் இரவில் வலி தாங்காமல் நாங்கள் ஓடிய அவசரப் பிரிவில், மூக்கில் செருகும் மெல்லிய குழாயில் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் வைத்து, மல்லாந்து படுக்கச் சொன்னார்கள். படுத்ததும் வலி இன்னும் ஏறியது. வீட்டுக்கு வாடகைக்கு எடுத்த கருவியோ காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தருவது. அதிகபட்சம் ஐந்து லிட்டர்தான் தரும். இப்படி இரண்டு பருவம் போராடி, இது நமக்கு ஒத்துவராது என்று மூட்டை கட்டிவிட்டேன்.

மூன்றாம் பருவத்தில் மருத்துவர் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுவிட்டு, நீங்கள் இன்னும் ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளவே இல்லை என்றார். தேவை நூறு சதவீத ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், அடியில் பை தொங்கும், விட்ட மூச்சு திரும்ப உள்ளே வராத நான்-ரீபிரீதர் முகமூடி. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 12 லிட்டர் வேகத்தில் 15 நிமிடம் ஆக்சிஜன் கொடுத்தபோது 78 சதவீதத் தாக்குதல்களில் வலி நீங்கியது அல்லது போதிய அளவு தணிந்தது. வெறும் காற்றில் அது 20 சதவீதம்தான். அந்த எண்களை அவர் தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஏழு ஆண்டுகளாகப் பழகியதில் என் முறை இது. சிலிண்டர் கட்டிலருகே, சாயாதபடி சுவரோடு சங்கிலி போட்டு நிற்கிறது. முகமூடி எப்போதும் மாட்டியே இருக்கும். காது அடைத்ததும் எழுந்து, வால்வைத் திறந்து 15-இல் வைத்து, முகமூடிக்குள்ளே பையின் வாயைக் கட்டை விரலால் மூடுவேன். சில நொடிகளில் பை உப்பும். அதன் பிறகுதான் முகத்தில் வைப்பேன். முதுகை நிமிர்த்தாமல், நாற்காலி நுனியில் குனிந்து, முழங்கைகளை முழங்காலில் ஊன்றி, முகமூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். ரப்பர் பட்டையை நம்பினால் ஓரத்தில் காற்று கசியும். மூச்சை ஆழமாக இழுத்து முழுவதும் விடுவேன். இழுக்கும்போது பை சுருங்க வேண்டும். சுருங்கவில்லை என்றால் அறைக் காற்றைத்தான் குடித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். வலி அடங்கிய பிறகும் ஐந்து நிமிடம் முகமூடியைக் கழற்ற மாட்டேன். உடனே கழற்றிய நாட்களில் அரை மணியில் வலி திரும்பி வந்திருக்கிறது.

தொடங்கும் நேரம்தான் எல்லாம். மூக்கடைப்பின்போதே தொடங்கினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வலி இறங்கும். வெறும் நிழலாக வந்து போய்விடும் என்று காத்திருந்து, உச்சத்தில் தொடங்கினால் 25 நிமிடம் ஆகும், சில சமயம் இறங்காது.

சிலிண்டர் கணக்கையும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். 15 லிட்டரில் 20 நிமிடம் என்றால் ஒரு தாக்குதலுக்கு 300 லிட்டர். 1500 லிட்டர் கொள்ளும் சிலிண்டர் ஐந்து தாக்குதலுக்குத்தான் வரும், அதாவது பருவத்தின் நடுவில் இரண்டு நாள். இந்தக் கணக்கு தெரியாமல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஊசிமுள் பூஜ்யத்தைத் தொட்டதைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன். இப்போது எப்போதும் இரண்டு சிலிண்டர். ரெகுலேட்டர் 15 லிட்டர் வரை திறக்குமா என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். அறையில் விளக்கோ ஊதுவத்தியோ தீக்குச்சியோ கூடாது, இணைப்புகளில் எண்ணெய்ப் பசை படக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இவ்வளவு ஆக்சிஜன் ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவர் சொல்லாமல் யாரும் தொடங்க வேண்டாம்.

வெளியூர்ப் பயணத்துக்கும் ஆக்சிஜன் தோற்கும் இரவுகளுக்கும் சுமாட்ரிப்டான் ஊசி. தோலுக்கடியில் ஆறு மில்லிகிராம். எனக்குப் பெரும்பாலும் பத்து நிமிடத்தில் கேட்கிறது. அதே மருந்தின் மாத்திரை எனக்குப் பயன்படவே இல்லை. அது வேலை செய்யத் தொடங்குமுன் தாக்குதலே முடிந்துவிடும். ஊசி போட்டதும் கழுத்திலும் நெஞ்சிலும் ஒரு இறுக்கம், முகத்தில் சூடு. முதல் முறை மாரடைப்போ என்று பயந்து கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். இதய ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள் இதைப் போடவே கூடாது. 24 மணி நேரத்தில் இரண்டு ஊசிக்கு மேல் கிடையாது, அதற்குள் மூன்றாம் வலி வந்தாலும்தான். அதனாலேயே முதல் கை ஆக்சிஜனுக்கு, இரண்டாம் கை ஊசிக்கு என்று வைத்திருக்கிறேன். சாதாரண வலி நிவாரணிகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒன்றுகூடக் கேட்டதில்லை.

வந்த வலியை அடக்குவது ஒரு வேலை, வராமல் தடுப்பது வேறு வேலை. தடுக்க நான் எடுப்பது வெராபமில். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மருந்துதான், ஆனால் இதற்கு அளவு அதிகம். நாளுக்கு 240 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 80 கூட்டினோம். கூட்டும் ஒவ்வொரு முறையும் இ.சி.ஜி. எடுத்தோம். இதயத் துடிப்பின் மின்னோட்டத்தை இந்த மருந்து தாமதப்படுத்தக்கூடும், அது வெளியே தெரியாது. எனக்கு 400-இல் இ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி, அதாவது அந்த மின்னோட்டம் இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம், நீண்டுவிட்டதால் 320-க்கே இறங்கினோம். மலச்சிக்கலும் மாலையில் கணுக்கால் வீக்கமும் இருக்கின்றன. அப்படியும் தினமும் மூன்று என்பது ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

வெராபமில் பிடிக்க இரண்டு வாரமாவது ஆகும். அதுவரை பாலம்போலச் சில நாள் ஸ்டீராய்டு. மந்திரம்போல வலி நின்றது, அளவைக் குறைத்த உடனே திரும்பியது. நின்ற நாட்களிலும் தூக்கம் இல்லை, எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். கடந்த மூன்று பருவங்களாக அதற்குப் பதில் பின்னந்தலை நரம்பைச் சுற்றி ஊசி போட்டுக்கொள்கிறேன். ஒரு நிமிட வேலை. ஒரு முறை நான்கு வாரம் வலியே வரவில்லை, ஒரு முறை ஐந்து நாள்தான் தாங்கியது. என் பார்வையில் ஸ்டீராய்டு மாத்திரையைவிட இது மேல். விட்டு விட்டு வரும் வகைக்கு கால்கனேசுமாப் என்ற ஊசிமருந்துக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, நான் எடுத்ததில்லை.

பருவத்தில் பகல் தூக்கத்தை விட்டுவிட்டேன். கண்ணயர்ந்த ஒரு மணியில் வலி எழுப்புகிறது. மது எனக்குப் பழக்கமில்லை, ஆனால் பருவத்தில் ஒரு மிடறுகூட ஒரு மணிக்குள் வலியைக் கிளப்பிவிடும் என்று இதே நோயுள்ள பலரும் சொல்கிறார்கள். பெயின்ட், சென்ட் போன்ற நெடி எனக்கு ஆகாது. பருவம் முடிந்துவிட்டால் இவை எதுவும் ஒன்றும் செய்வதில்லை. நாட்குறிப்பில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த மருந்து என்ற மூன்றை மட்டும் எழுதுகிறேன். அதை வைத்துத்தான் இப்போது பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே வெராபமிலைத் தொடங்குகிறோம்.

இந்த வலிக்குத் தற்கொலைத் தலைவலி என்றும் ஒரு பெயர் உண்டு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. ஆனால் அது ஏன் வந்தது என்று தெரியும். நோய்க்குப் பெயரில்லாத ஆண்டுகளில், நான்காம் வாரத்தின் ஓர் இரவில், இது மறுபடி வருவதற்குள் நான் இல்லாமல் போய்விட்டால் தேவலை என்று நினைத்தேன். மறுநாள் காலை கணவரிடம் அதை அப்படியே சொன்னேன். அவர் பதறவில்லை. அந்த வாரம் முழுக்க இரவில் உடன் விழித்திருந்தார், மருத்துவரிடமும் நானே சொல்லும்படி செய்தார். அப்படி ஓர் எண்ணம் வந்தால் வலி இல்லாத நேரத்தில், அன்றைக்கே, ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டிலுள்ளவர்களோடு ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. வலி நேரத்தில் என்னைத் தொடக் கூடாது, எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது. இரண்டும் அன்பால் செய்வதுதான், ஆனால் பதில் சொல்ல எடுக்கும் மூச்சுகூட அப்போது என்னிடம் இருக்காது. மகள் இதைச் சின்ன வயதிலேயே பழகிக்கொண்டாள். வால்வு திறக்கும் சீற்றம் கேட்டால் எழுந்து வருவாள், கதவருகே தரையில் உட்கார்ந்து கடிகாரம் பார்ப்பாள். "பத்து நிமிடம் அம்மா" என்பாள். வேறு எதுவும் பேச மாட்டாள்.

இந்த ஆண்டுப் பருவம் தொடங்கி 19 நாட்கள் ஆகின்றன. நேற்று இரவு 1.20-க்குக் காது அடைத்தது. 1.24-க்கு முகமூடியை வைத்தேன். அவள் "பதினொன்று" என்றபோது இமை லேசாகி, வலது மூக்கில் காற்று போக ஆரம்பித்திருந்தது. ஐந்து நிமிடம் கூடுதலாக இருந்துவிட்டு வால்வை மூடினேன். ஊசிமுள் பாதிக்குக் கீழே நிற்கிறது. காலையில் மாற்று சிலிண்டருக்குச் சொல்லியாகிவிட்டது.