தோட்டத்துச் சாளையா, வீட்டோடு ஆளா, முதியோர் குடியிருப்பா?

கோவையில் வடவள்ளி, துடியலூர், தொண்டாமுத்தூர் பக்கம் முதியோர் குடியிருப்புகள் வந்தபிறகு, அப்பா அம்மாவை எங்கே வைப்பது என்ற பேச்சு கொங்கு வீடுகளில் சகஜமாகிவிட்டது. நடமாட்டம் இருக்கும்வரை எல்லா இடமும் நல்ல இடம்தான். படுத்துவிட்டால் ராத்திரி யார் புரட்டிப் படுக்கவைப்பார்கள் என்று கேளுங்கள்; வித்தியாசம் அப்போதுதான் தெரியும்.

தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் வீட்டில், செலவு குறைவு, மனசுக்கும் நிம்மதி. ஆனால் இட்டேரிக்குள், இருபுறமும் வேலி உள்ள அந்தக் குறுகிய தடத்துக்குள், 108 வண்டி நுழைந்து திரும்ப இடம் வேண்டும். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த முதிய தம்பதி கொல்லப்பட்ட பிறகு கேமராவை மட்டும் நம்புவதற்கில்லை. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒரு குடும்பம் குடியிருந்தால் மட்டும் இது சரிப்படும்.

டவுன் வீட்டில் ஆள் வைப்பதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 24 மணி நேர ஆள் ஒருவரே என்றால் அவரும் தூங்கத்தான் செய்வார். இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுவது ராத்திரியில் விட்டுப்போகும். சில நாளிலேயே வால் எலும்பு, குதிகால் பக்கம் சிவந்து புண்ணாகும். காற்று மெத்தை போட்டாலும் புரட்டித்தான் ஆகவேண்டும். படுத்த படுக்கைக்கு 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும். ஊசி, மூக்குக் குழாய் மாற்றுவது அட்டெண்டர் வேலையல்ல, நர்ஸ் வரவேண்டும். வைத்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் மாற்று ஆள் உண்டா என்பதை ஏஜென்சியிடம் எழுதி வாங்குங்கள். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால், விழுந்தவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். துண்டு போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. கைப்பிடியைச் சுவரில் ஆழமாக முடுக்குங்கள்.

குடியிருப்புக்குப் போனால் பூங்காவையும் கோயிலையும் பார்ப்பதற்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கிரயமா, டெபாசிட்டா? காலி செய்தால் எவ்வளவு பிடிப்பு, எத்தனை நாளில் பணம்? படுத்துவிட்டால் அதே வளாகத்தில் பார்ப்பார்களா, அழைத்துப்போகச் சொல்வார்களா? பராமரிப்புக் கட்டணத்தில் ஆள் சம்பளம் பெரும்பாலும் அடங்காது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழைகிறதா என்று நேரில் பாருங்கள். வயது வரம்பு இருந்தால், வாரிசுக்கு வீடு கிடைத்தாலும் குடியேற முடியாமல் போகலாம்.

இருவரும் திடமாக இருந்தால் தோட்டம். ஒருவர் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து வீடும் இரண்டு ஷிப்டும். ஒருவர் மட்டும் மிஞ்சினால், படுத்தாலும் பார்க்கும் குடியிருப்பு. எங்கள் கணக்கு இதுதான். எதற்குப் போனாலும், தோட்டத்தைப் பிள்ளைக்கு செட்டில்மெண்ட் எழுதும்போது “கடைசிவரை பராமரிக்கவேண்டும்” என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். மீறினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆவது பிரிவில் பத்திரத்தை ரத்து செய்யக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வாய்ப்பேச்சோடு விட்டால் அதை நிரூபிப்பதே பெரும்பாடு.