கொடிமரமா, பைலட்டா? மதராஸையும் கல்கத்தாவையும் ஒப்பிட்டு நான் ஹூக்ளியை எடுத்த கதை

கப்பல் வேலையை விட்டுக் கரையேறிய பிறகு, கடல்சார் படிப்பு மாணவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் புதிதாக ஒரு பாடம் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் காலத்துத் துறைமுகம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே கப்பல்களைக் காப்பாற்ற என்னென்ன விதிகள் இருந்தன என்று சொல்ல வேண்டும். கிடைப்பது இரண்டு மணி நேரம். அதற்குள் ஒரு துறைமுகத்தைத்தான் உருப்படியாகச் சொல்ல முடியும். மதராஸா, கல்கத்தாவா என்று மூன்று வாரம் மனசு ஊசலாடியது. கடைசியில் கல்கத்தாவை எடுத்தேன். "நம்ம கடற்கரையை விட்டுட்டு வங்காளத்துக்குப் போறீங்களே, சார்" என்று உடன் பணியாற்றுபவர் ஒருவர் கேட்டார். அவருக்கு அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

இடத்தின் வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்தது. மதராஸில் 1870கள் வரை துறைமுகம் என்று கட்டிய எதுவும் கிடையாது. 1861இல் ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டது, அவ்வளவுதான். கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கல்கத்தாவோ கடலிலிருந்து ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் ஹூக்ளி ஆற்றுக்குள் இருக்கிறது. மதராஸில் கப்பலுக்கு வரும் கேடு காற்றாகவும் அலையாகவும் வரும். ஹூக்ளியில் அது கண்ணுக்குத் தெரியாமல் கப்பலின் அடியில் மணலாகக் கிடக்கும். விதிகள் வேறுபட்டதற்கு வேர் இதுதான்.

மதராஸின் பெரிய விதி ஒரு தேதி. அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை கப்பல்கள் அந்தக் கரையில் நிற்கக் கூடாது. அந்த நாட்களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவைத்துவிடுவார்கள். கொடிமரம் இல்லையென்றால் கடல் மூடிவிட்டது என்று பொருள். நம் கணக்கில் அது கிட்டத்தட்ட ஐப்பசி ஒன்றிலிருந்து கார்த்திகை முடியும் வரை. "ஐப்பசி கார்த்திகை அடைமழை" என்று நம் பாட்டிமார் சொன்னதையே கம்பெனிக்காரர்களும் கப்பல்களை இழந்து இழந்து கற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது விதி அன்றாடக் கொடி. கரையை மோதும் அலை எப்படி இருக்கிறது, படகு வரலாமா, வரக் கூடாதா என்பதை மாஸ்டர் அட்டெண்டன்ட் என்ற துறை அதிகாரியின் அலுவலகம் கொடி ஏற்றிக் காட்டும். ஆணி இல்லாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுதான் ஆளையும் சரக்கையும் அந்த அலை தாண்டிக் கொண்டுபோகும். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு தரை தட்டினால் உடையும், மசூலா வளைந்து கொடுக்கும். மசூலாவும் போக முடியாத நாளில் கட்டுமரக்காரர் கடிதத்தை நனையாமல் தலைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போவார்.

இந்த ஏற்பாட்டின் நல்ல குணத்தை மறைக்க மாட்டேன். செலவு குறைவு. மொழி தெரியாத கேப்டனுக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் புரியும். வாக்குவாதத்துக்கே இடமில்லை. நானே கப்பலின் பிரிட்ஜில், அதாவது கப்பலை நடத்தும் மேல்தளத்தில், நின்று கண்காணித்த இரவுகளில், இப்படி ஆம், இல்லை என்று தீர்த்துச் சொல்லும் விதிக்காக ஏங்கியிருக்கிறேன்.

ஆனால் புயல் நாள்காட்டி பார்த்து வருவதில்லை. 1746இல் மதராஸைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பற்படை, அக்டோபர் 15க்கு முன்பே அடித்த புயலில் பல கப்பல்களையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களையும் பறிகொடுத்தது. 1872இல் வந்தது மே மாதப் புயல். தேதிப்படி பார்த்தால் பத்திரமான பருவம். நங்கூரத்தில் நின்ற கப்பல்கள் பல கரையில் வந்து உடைந்தன. பாடம் தயாரிக்கும்போது என்னை நிறுத்தியது இந்த இடம்தான். தேதி விதியைத் தினமும் யாரும் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அது பழசாகிவிட்டதா என்று கேட்கவும் ஆள் இல்லை.

இப்போது ஹூக்ளி. கல்கத்தாவின் விதியை ஒரே வரியில் சொல்லலாம்: பைலட், அதாவது ஆற்றின் வழி தெரிந்து கப்பலை நடத்தும் வழிகாட்டி, ஏறாமல் கப்பல் ஆற்றுக்குள் நகரக் கூடாது. ஆற்று வாய்க்கு வெளியே, சாண்ட்ஹெட்ஸ் பகுதியில் பைலட் கப்பல் மழையிலும் காற்றிலும் காத்துக் கிடக்கும். அங்கிருந்து பைலட் ஏறிக் கப்பலை நகரம் வரை நடத்துவார். பதினேழாம் நூற்றாண்டில் கம்பெனி தொடங்கிவைத்த இந்த வேலை, வங்காள பைலட் சர்வீஸ் என்ற தனிப் பணியாகவே வளர்ந்தது.

நான் மிக முக்கியமாகப் பார்ப்பது பராமரிப்பு. கப்பலின் பராமரிப்பைச் சொல்லவில்லை, விதியின் பராமரிப்பைச் சொல்கிறேன். ஹூக்ளியின் மணல் ஒரே இடத்தில் இருக்காது. மழைக்கால வெள்ளம் வந்துபோனால் வழி மாறியிருக்கும். போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் மேடு. தாமோதரும் ரூப்நாராயணும் வந்து சேரும் இடத்தருகே ஜேம்ஸ் அண்ட் மேரி என்று ஒரு மணல்திட்டு உண்டு. 1694இல் அங்கே மூழ்கிய ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி என்ற கப்பலின் பெயர்தான் அதற்கு. அதில் கப்பல் தட்டினால், ஓதத்தின், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தின், இழுப்பில் பக்கவாட்டில் சாய்ந்து, இழுத்து மீட்க அவகாசமே இல்லாமல் மணலுக்குள் போய்விடும். போதாததற்கு 'பான்' என்று வங்காளிகள் சொல்லும் ஓத அலை, சுவர்போல எழுந்து ஆற்றில் மேலேறி வரும். நகரத்தருகே கட்டி நிறுத்திய கப்பலையும் அது சங்கிலியோடு உலுக்கும்.

இப்படிப்பட்ட ஆற்றுக்கு "இன்ன தேதி, இன்ன ஆழம்" என்று எழுதிவைத்தால் அடுத்த பருவத்தில் அந்த விதியே கப்பலைக் கொன்றுவிடும். அதனால் அளப்பதையே விதிக்குள் சேர்த்தார்கள். ஆற்று அளவையாளர்கள் ஓயாமல் ஆழம் பார்த்தார்கள். மிதவைகளை மணல் நகர நகர இடம் மாற்றிப் போட்டார்கள். முக்கியமான திட்டுகளின் மேல் அன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்பதைக் கரையிலிருந்து சைகைக் கம்பத்தில் காட்டினார்கள். கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம் அதற்குள் அடங்கினால்தான் பைலட் கடப்பார், இல்லையேல் நங்கூரம் போட்டு அடுத்த ஏற்றத்துக்குக் காத்திருப்பார்.

ஆளையும் அதே கணக்கில்தான் உருவாக்கினார்கள். இளைஞன் முதலில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசி ஆழம் சொல்லும் லீட்ஸ்மேன். அதில் ஆண்டுக்கணக்கில் கை பழகிய பிறகு மேட் பைலட், பிறகு மாஸ்டர் பைலட், உச்சியில் பிராஞ்ச் பைலட். பெரிய கப்பல்களை மூத்தவர்களிடம்தான் கொடுப்பார்கள். அலையைப் படிக்கத் தெரிந்தவர்கள் மதராஸிலும் இருந்தார்கள், அந்த மசூலாக்காரர்களும் கட்டுமரக்காரர்களும்தான். ஆனால் அங்கே விதி அவர்களைக் கட்டுப்படுத்த வேண்டிய கூலியாட்களாகத்தான் பார்த்தது. அவர்கள் அறிவுக்கு ஒரு பதவிப் படி போட்டுத் தரவில்லை. இது எனக்கு இன்றைக்கும் வலிக்கிற விஷயம். மதராஸைத் தேர்ந்தால் பாடத்தில் பாதி இந்த அநியாயத்தைப் பற்றியே பேசியிருப்பேன், ஒருவேளை பேசத்தான் வேண்டும்.

கல்கத்தாவைத் தூக்கிவைத்து எழுதுகிறேன் என்று தோன்றினால், 1864 அக்டோபர் 5ஐயும் சொல்லிவிடுகிறேன். அன்றைய புயலில் கடல் ஆற்றுக்குள் ஏறி வந்தது. துறைமுகத்தில் நின்ற 195 கப்பல்களில் சேதமில்லாமல் தப்பியவை 23. கரையோர மக்கள் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். 'சைக்ளோன்' என்ற சொல்லையே உருவாக்கிய ஹென்றி பிடிங்டன் வாழ்ந்த ஊர் அது, ஆனாலும் கப்பல்களை எச்சரிக்க ஏற்பாடு இல்லை. அடியில் கிடக்கும் மணலைப் பார்த்துப் பழகிய துறைமுகம் வானத்தைப் பார்க்கவில்லை. இந்த ஒன்றில் மதராஸ்தான் மேல், ஐப்பசியில் கிளம்பு என்றாவது அது சொன்னது. ஆனால் மறு ஆண்டே, 1865இல், கல்கத்தாவில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கிவிட்டது. அடி வாங்கியதும் விதியைத் திருத்த ஆள் இருந்தது என்பதையும் நான் கல்கத்தாவின் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

சட்டப் புத்தகத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. 1908ஆம் ஆண்டின் இந்தியத் துறைமுகச் சட்டம், கொடியும் சைகையும் பற்றி விதி செய்ய அதிகாரம் தந்தது. அதன் 31ஆம் பிரிவு, அது நீட்டிக்கப்பட்ட துறைமுகங்களில் 200 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல் பைலட்டோ துறைமுக அதிகாரியோ இல்லாமல் நுழையவோ வெளியேறவோ கூடாது என்றது. மேடு தட்டக்கூடிய கல், மண், குப்பை எதையும் துறைக்குள் கொட்டக் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஹூக்ளியை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் பிரிவை விளக்கவே வேண்டாம். மாணவர்களுக்குச் சொல்ல எனக்கு இது வசதியாக இருந்தது, ஏனென்றால் பைலட் ஏறும்போது அவர்கள் நாளைக்குக் கையெழுத்திடப் போகும் தாளின் பாட்டன் அங்கே இருக்கிறது.

என் அனுபவத்தின் எல்லையையும் சொல்ல வேண்டும். பாய்மரக் கப்பலில் நான் போனதில்லை. காற்று விழுந்த நேரத்தில் ஓதம் மட்டும் கப்பலை இழுத்துப்போவது எப்படி இருக்கும் என்பது எனக்கு வாசித்து வந்த அறிவுதான். ஹூக்ளிக்குள்ளும் மூன்றாம் அதிகாரியாக இரண்டே தடவைதான் போயிருக்கிறேன், இரண்டும் இயந்திரக் கப்பல். எனவே பைலட் முறையே எங்கும் சிறந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். மதராஸ் போன்ற திறந்த கரையில், 1881 புயல் கட்டிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவரையே பெயர்த்துப்போட்ட இடத்தில், பைலட் என்ன செய்திருக்க முடியும்? கிளம்பிப் போ என்ற கொடிதான் அங்கே சரியான விதி. உங்கள் மாணவர்கள் சென்னைப் பிள்ளைகளாக இருந்து, உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் 1844ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தைக் கையோடு கூட்டிப்போய்க் காட்ட முடியுமென்றால் மதராஸையே எடுங்கள்.

நான் ஹூக்ளி பக்கம் சாய்ந்ததற்கு அந்த இரண்டு பயணத்தில் முதலாவதும் ஒரு காரணம். பைலட் ஏறி வந்தார், கேப்டனுக்கு வணக்கம் சொன்னார், தேநீர் வேண்டாம் என்றார். எங்கள் வரைபடத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து அந்த வாரத்து ஆழ அளவுத் தாளை எடுத்து மேசையில் விரித்து, பென்சிலால் மூன்று இடத்தில் குறித்த பிறகுதான் "சரி, போகலாம்" என்றார். எங்கள் வரைபடம் அச்சாகி நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.